பஸ்ஸில் எழுதிய பெயர்

போன மாதம் வெளியூர்க் கல்லூரி மாணவர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு எங்கள் கரிசல் பக்கத்தைச் சுற்றிக் காட்டினேன். புதூரில் கிளம்பி விளாத்திகுளம், எட்டயபுரம், ஒட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சி என்று ஒரு நாள் பயணம். பாரதி பிறந்த வீட்டைப் பார்த்தோம். வ.உ.சி.யின் வீட்டைப் பார்த்தோம். கட்டபொம்மன் கோட்டையில் போட்டோ எடுத்துக்கொண்டோம். அடுத்து கவர்னகிரி என்றதும் வேன் டிரைவர் வண்டியை எடுக்காமல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அது அவுக மண்டபம்லா சார். நமக்கு அங்க என்ன சோலி?”

எந்த ஊர், எந்தத் தெரு என்று காலையிலேயே என்னிடம் விசாரித்து வைத்திருந்தார். அதிலிருந்து பிறந்ததுதான் அந்த ‘நமக்கு’. அவர் போட்ட கணக்கு தப்பில்லை. நான் பிறந்தது இடைநிலைச் சாதித் தெருவில்தான். கவர்னகிரி பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கட்டபொம்மன் படையில் நின்று 1799இல் வெள்ளையரின் வெடிமருந்துக் கிடங்கைத் தகர்த்து உயிர்விட்டவர் என்று மக்கள் சொல்லிவரும் வீரன் சுந்தரலிங்கத்தின் ஊர். அவர் பள்ளர் சமூகத்தவர். தலைவனுக்குக் கட்டிய கோட்டை ‘நாட்டின் சின்னம்’, தளபதிக்குக் கட்டிய மண்டபம் ‘அவுக மண்டபம்’.

இந்தியா நவீன அரசியல் பழகியதில் இந்த வறண்ட பூமிக்குப் பெரிய பங்கு உண்டு. 1906இல் பங்குகள் விற்றுச் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர் ஒட்டப்பிடாரத்துக்காரர். 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை நடத்தி கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். இதையெல்லாம் மேடைக்கு மேடை கேட்டிருக்கிறோம். கேட்கவும் வேண்டும். ஆனால் நாட்டை நவீனமாக்கிய இந்த மண்ணை நவீனமாக்க யார் அடிபட்டார்கள் என்ற கேள்விக்கு எந்த மேடையிலும் பதில் இல்லை.

கழுகுமலைக்குப் போகிறோம். பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயிலையும் சமணச் சிற்பங்களையும் பார்த்து வியக்கிறோம். அதே மலையடிவாரத்துத் தேர் வீதியில் 1895ஆம் ஆண்டு பங்குனித் திருவிழாவின்போது நாடார்களுக்கும் எட்டயபுரம் ஜமீன் தரப்புக்கும் மோதல் நடந்து பல உயிர்கள் போயின. அன்று எழுந்த கேள்வி ஒன்றுதான்: தெரு யாருக்குச் சொந்தம்? ஒரு நவீன அரசு தன் குடிமக்களுக்கு முதலில் உறுதிசெய்ய வேண்டியது அதைத்தானே! அந்த ஊருக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். இதைப் பற்றி எழுதி வைத்த ஒரு வரியை நான் பார்த்ததில்லை.

தெருவுக்கு அடுத்து பஸ். நான் சொல்ல வந்தது அதைப் பற்றித்தான்.

1995 ஆகஸ்ட் 31 அன்று ஒட்டப்பிடாரம் வட்டாரத்துக் கொடியங்குளத்தில் நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்தார்கள். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் கொஞ்சம் தலைநிமிர்ந்திருந்த தலித் கிராமம் அது. டி.வி.யை உடைத்தார்கள், சான்றிதழ்களைக் கொளுத்தினார்கள், குடிக்கிற கிணற்றைக் கெடுத்தார்கள். எதை உடைத்தார்கள் என்று பார்த்தாலே எது அவர்கள் கண்ணை உறுத்தியது என்று தெரியும். அப்போது அ.தி.மு.க. ஆட்சி.

அடுத்து தி.மு.க. ஆட்சி. 1997 மே மாதம் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு புதிய போக்குவரத்துக் கழகம் ஒன்றை அரசு தொடங்கி, அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது. அந்தக் காலத்தில் போக்குவரத்துக் கழகம் என்றாலே ஒரு பெயர் உண்டு. பாண்டியன், சேரன், கட்டபொம்மன், மருதுபாண்டியர், ராணி மங்கம்மாள் என்று மன்னர்களும் பாளையக்காரர்களும் தமிழ்நாடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் வயிறு எரியவில்லை. ஒரு தலித் வீரனின் பெயர் வந்ததும் தென்மாவட்டம் எரிந்தது. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று தேவர் சமூகத்தில் ஒரு பகுதியினர் கிளம்பினார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமெல்லாம் கலவரம். கொலை, தீவைப்பு, துப்பாக்கிச்சூடு.

புதூருக்கு வடக்கே கொஞ்ச தூரம் போனால் விருதுநகர் மாவட்டம். பஸ் வருவதற்கு முன்னால் பேச்சு வந்துவிட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது. டீக்கடைத் திண்ணையில் என் தாத்தா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “அருப்புக்கோட்டைக்கு நடந்தே போயிருவேன், அதுல ஏற மாட்டேன்.” முட்டுவலிக்காரர். வாசலிலிருந்து கிணற்றடி வரைக்கும் கம்பு ஊன்றிப் போகிறவர். அன்று திண்ணையில் இருந்த ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

அரசு என்ன செய்தது? பெயரைக் காப்பாற்றவில்லை. அந்த ஒரு பெயரை மட்டும் எடுக்கவும் அதற்குத் துணிச்சல் இல்லை. 1997 ஜூலையில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களின் பெயரையும் எடுத்துவிட்டது. மாவட்டப் பெயர்களும் போயின. சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி ஆனது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி ஆனது. காமராசர் மாவட்டம் விருதுநகர், பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் சிவகங்கை. இன்று நாம் ஏறும் ‘தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்’ என்ற பொதுப்பெயர் அப்படி வந்ததுதான்.

இதை நல்ல முடிவு என்று சொல்லும் தோழர்கள் உண்டு. தலைவர்களைச் சாதிக்கொரு பெயர்ப்பலகை ஆக்கும் வேலை ஒழிந்ததே என்பார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். பொதுப்பெயர் நல்லதுதான். எப்போது வந்தது என்பதுதான் என் பிரச்சினை. மன்னர் பெயரில் பஸ் ஓடிய காலமெல்லாம் அரசுக்குப் பொதுப்பெயர் தோன்றவில்லை. ஒடுக்கப்பட்டவர் வரிசைக்கு வந்து நின்றதும் வரிசையையே கலைத்துவிட்டு, இனி எல்லோரும் சமம் என்றார்கள். கிணற்றில் தலித் தண்ணீர் எடுத்தால் கிணற்றையே மூடுவது கிராமத்து வழக்கம். கோட்டையிலும் அதுதான் நடந்தது.

அந்த ஜூலைக்கு முந்தின நாள், ஜூன் 30 அன்று, மேலூர் பக்கத்து மேலவளவில் தனித்தொகுதியில் வென்ற ஊராட்சித் தலைவர் முருகேசனையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். மதுரையிலிருந்து ஊர் திரும்பிய பஸ்ஸை மறித்து நடந்த கொலை. ஓட்டும் நாற்காலியும் ‘அவர்களுக்கு’ எதற்கு என்று கேட்டதும், பஸ்ஸில் அந்தப் பெயர் எதற்கு என்று கேட்டதும் ஒரே ஆத்திரம்தான்.

2021இல் ‘கர்ணன்’ படம் வந்தபோது, நிற்காமல் போகும் பஸ்ஸைப் பார்த்து நகரத்து நண்பர்கள் ஆச்சரியப்பட்டார்கள். எங்கள் பக்கத்தில் யாருக்கும் ஆச்சரியமில்லை. படத்தில் காட்டிய வருடம் எந்தக் கட்சி ஆட்சியில் வருகிறது என்பதற்குத்தான் பெரிய விவாதம் நடந்தது. 1995 ஒரு கழகத்துக்கு, 1997 இன்னொரு கழகத்துக்கு. பங்கு பிரிப்பதில் குறை வைக்கவில்லை.

அத்தனை பெயரும் அழிந்த பிறகும் ரயில் நிலையத்தில் ஒரு பெயர் மட்டும் பத்திரமாக இருக்கிறது: வாஞ்சி மணியாச்சி. 1911இல் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன் தன் கடிதத்தில் காப்பாற்றப் புறப்பட்டதாகச் சொன்னது சனாதன தர்மத்தை. அந்தப் பெயர் எழுதிய நிலையத்தில் இறங்க மாட்டேன் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

டிரைவரிடம் நான் சண்டை போடவில்லை. “பிள்ளைகள் பார்க்கணும்னு சொல்றாங்க” என்றேன். ஓட்டி வந்தார். மண்டபத்துக்குள் வரவில்லை, வேனிலேயே இருந்தார். மாணவி ஒருத்தி, இவர் பெயரில் வேறு எதுவும் இல்லையா சார் என்று கேட்டாள். ஒரு பஸ் கம்பெனி இருந்தது என்று ஆரம்பித்தேன். 1997க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள். அவர்களில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

கோட்டை, மணிமண்டபம் எல்லாம் போதிய அளவு கட்டியாயிற்று. கரிசல் வட்டாரத்துக்கு இனி ஏதாவது நினைவுச் சின்னம் வைப்பதென்றால், விருதுநகர் பேருந்து நிலையத்தில் ஒரு பலகை வைக்கட்டும். இரண்டு வரி போதும்: ‘1997 மே மாதம் இங்கிருந்து வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. ஜூலையில் அந்தப் பெயர் நீக்கப்பட்டது.’ ஏன் என்று பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.