சோடா விற்ற பையனும் நம்ம ஊர் பிள்ளைகளும்



கொஞ்சம் நீளமான பதிவுதான். ஆனால் விளையாடுகிற பிள்ளை உள்ள வீட்டில் தாய், தகப்பன் இருவரும் கடைசி வரை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

மடுல்சீமையில் ஆசிரியர்களாகிய எங்களிடம் பெற்றோர் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. "சேர், பந்தை உதைச்சா சோறு கிடைக்குமா?" இது கோபப்பட வேண்டிய கேள்வி இல்லை. நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து எடுத்துவிட்டு, கால் நோக லயத்துக்கு வருகிற தாய்க்கு இதைக் கேட்க முழு உரிமை உண்டு. கடையில் நின்று குடும்பம் நடத்துகிற தகப்பனுக்கும் உண்டு. ஒழுங்கான பதிலைச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. அதற்காகத்தான் இன்று ஐ.எம். விஜயனைப் பற்றி எழுதுகிறோம்.

பெயர் பிடிபடாதவர்களுக்கு முகம் பிடிபடும். 'திமிரு' படத்திலும் 'பிகில்' படத்திலும் வில்லனாக வந்த கறுத்த, உயரமான மனிதர். படத்தில் பார்த்துப் பயந்த நம் பிள்ளைகளில் பலருக்கு, அவர் இந்திய உதைபந்தாட்ட அணியின் தலைவராக இருந்தவர் என்பது தெரியாது.

1969இல் கேரளாவின் திருச்சூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தார். தாய் கூலி வேலை செய்துதான் பிள்ளைகளை வளர்த்தார். திருச்சூர் மைதானத்தில் போட்டி நடக்கிற நாட்களில் விஜயன் சோடா விற்பார். ஒரு போத்தலுக்குக் கிடைத்தது 10 பைசா. பந்து விளையாட்டைக் கிட்ட நின்று பார்க்க அதுதான் அவருக்கு இருந்த வழி.

இந்த இடத்தில்தான் நாம் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் இந்தியாவில் சோடா விற்ற பையன்கள் எத்தனையோ பேர். அவர்களில் நன்றாகப் பந்து விளையாடியவர்களும் இருந்திருப்பார்கள். விஜயனுக்கு மட்டும் கிடைத்தவை இரண்டு. ஒன்று, திருச்சூரில் நடந்த பயிற்சி முகாம். காசில்லாத பையனும் அங்கே முறையாகப் பழகலாம். மற்றது தொழில். 1987இல், 17 வயதில், கேரள பொலிஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. பந்து விளையாடுவதே வேலை, அதற்குச் சம்பளமும் உண்டு.

அந்த பொலிஸ் அணி 1990இலும் 1991இலும் இந்தியாவின் ஃபெடரேஷன் கிண்ணத்தை வென்றது. கொல்கத்தா, கோவா கழகங்கள் கோலோச்சிய காலத்தில் அது சின்ன விஷயமில்லை. அதன் பிறகு மோகன் பகான், ஜே.சி.டி., எஃப்.சி. கொச்சின் என்று பெரிய கழகங்கள் அவரைத் தேடி வந்தன. வங்காளிகள் அவரைக் 'கறுப்பு மான்' என்று கொண்டாடினார்கள். 1993, 1997, 1999 என மூன்று தடவை இந்தியாவின் சிறந்த வீரர் விருது. 1999 தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கி 12ஆவது செக்கனில் கோல். 2003இல் சர்வதேச விளையாட்டிலிருந்து ஓய்வு.

பெற்றோர் கேட்கிற அடுத்த கேள்வி: "விளையாட்டு முடிஞ்சா பிறகு?" விஜயன் மீண்டும் அதே கேரள பொலிசில் சேர்ந்தார். 2025 ஏப்ரலில் பொலிஸ் அதிகாரியாக ஓய்வு பெற்றார். அதே ஆண்டு இந்திய அரசு பத்மஸ்ரீ விருதும் கொடுத்தது. புகழ் வந்து போகும். அந்த மனிதருக்குக் கடைசி வரை கைகொடுத்தது 17 வயதில் கிடைத்த தொழில்.

"அது இந்தியா, நமக்கு எங்கே?" என்பீர்கள். நம் நாட்டுக்கு வருவோம். 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசிய தங்கக் கிண்ண இறுதிப் போட்டியில் இலங்கை இந்தியாவையே தோற்கடித்தது. அதற்கு முன்பே நம் தேசிய அணியின் பக்கீர் அலி 80களில் டாக்காவின் அபஹானி கழகத்துக்குப் போய்ச் சம்பளத்துக்கு விளையாடினார். பிறகு பயிற்றுவிப்பாளராகி, 2018இல் தேசிய அணியையே பொறுப்பெடுத்தார். தமிழ் பேசுகிற பிள்ளைக்கு இந்தப் பாதை புதிதல்ல.

குளிர் தேசமான நோர்வேயையும் பாருங்கள். நோர்வே என்றால் நமக்கு சமாதானப் பேச்சுவார்த்தைதான் ஞாபகம் வரும். அங்கே கிறிஸ்தியான்சுன் என்ற சின்ன மீன்பிடி நகரத்தில் பிறந்தவர் ஓலே குன்னார் சோல்ஷேர். 21 வயது வரை சொந்த ஊர்க் கழகத்தில், கீழ்ப்பிரிவில்தான் விளையாடினார். 1996இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். 1999 ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் மாற்று வீரராக இறங்கி, மேலதிக நிமிடங்களில் வெற்றிக் கோலைப் போட்டவர் அவர்தான். முழங்கால் காயத்தால் 2007இல், 34 வயதில் நிறுத்த வேண்டி வந்தது. அதன்பின் பயிற்றுவிப்பாளராக வாழ்ந்தார். அவரையும் 21 வயது வரை தாங்கிப் பிடித்தது ஊரில் இருந்த ஒரு சின்னக் கழகம்.

இனி நம் நிலைமை. பாறையும் பள்ளமுமான இந்த மலையில் வெறுங்காலோடு பந்தைக் கட்டுப்படுத்துகிற பையன்களை நாங்கள் தினமும் பார்க்கிறோம். மேடேறி, மேடேறி வளர்ந்த கால்களும் நெஞ்சும் அவர்களுக்கு இருக்கிறது. ஆனால் தரம் 9, 10 வந்ததும் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். கேட்டால் கொழும்பில் கடையில் நிற்கிறான் என்கிறார்கள். அடுத்த பெருநாளுக்கோ தீபாவளிக்கோ புதுச் சட்டையோடு வருவான். திரும்பப் பாடசாலைக்கு வரமாட்டான்.

எல்லாப் பிள்ளையும் விஜயன் ஆகும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆயிரத்தில் ஒருவர் ஆவதும் கஷ்டம். நாங்கள் சொல்வது வேறு. இலங்கை பொலிஸ், இராணுவம், கடற்படை, விமானப்படை எல்லாவற்றுக்கும் உதைபந்தாட்ட அணிகள் இருக்கின்றன. அங்கே விளையாடுகிறவர்களுக்கு அதுவே தொழில். விளையாட்டில் விசேட திறமை காட்டியவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் தனி ஏற்பாடு இருக்கிறது. கல்வியியல் கல்லூரியில் உடற்கல்வி படிக்கப் போகிறவருக்கும் சான்றிதழ் உதவும். ஆனால் இந்தக் கதவுகள் எல்லாவற்றுக்கும் திறப்பு ஒன்றுதான். பரீட்சைப் பெறுபேறும் விளையாட்டுச் சான்றிதழும் சேர்ந்து கையில் இருக்க வேண்டும். தரம் 9இல் விலகிய பிள்ளையிடம் இரண்டுமே இருக்காது.

ஆகவே ஊருக்கு எங்கள் வேண்டுகோள் நான்கு.

பிள்ளையை சாதாரண தரம் முடியும் முன் வேலைக்கு அனுப்பாதீர்கள். வாரத்தில் மூன்று நாள், ஒரு மணித்தியாலப் பயிற்சி படிப்பைக் கெடுக்காது. பந்துக்காகவே பாடசாலைக்கு ஒழுங்காக வருகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

வலய, மாகாண மட்டத்தில் கிடைக்கிற ஒவ்வொரு சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழைப் போலப் பத்திரமாக வையுங்கள். மழையில் ஊறி, கரையான் அரித்துப் போனால் பிறகு கேட்டு எடுப்பது லேசில்லை.

பதுளைக்கு ஓர் அணியைக் கூட்டிப்போக வேன் கூலியும் மதியச் சாப்பாடும் வேண்டும். கோயில் திருவிழாவுக்கும் பள்ளிவாசல் கந்தூரிக்கும் கைகொடுக்கிற நம் ஊர், வருஷத்தில் ஒரு தடவை இதற்கும் கைகொடுக்கலாம். வாகனம் வைத்திருப்பவர் ஒரு பயணத்தைப் பொறுப்பெடுத்தாலே போதும்.

கடைசியாக, பெண் பிள்ளைகள். அவர்களும் ஓடுகிறார்கள், நன்றாகவே ஓடுகிறார்கள். மேலே சொன்ன கதவுகள் அவர்களுக்கும் இருக்கின்றன. வீட்டில் தடை சொல்வதற்கு முன், எந்த ஆசிரியை கூடப் போகிறார், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று எங்களிடம் கேளுங்கள். பதில் சொல்லக் காத்திருக்கிறோம்.

இந்த வருஷம் வேன் செலவைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறவர்கள் பாடசாலைக்கு நேரில் வந்து அதிபரிடம் பேசுங்கள். வேலைக்கு அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற வீடு உங்கள் பக்கத்தில் இருந்தால், இந்தப் பதிவை அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.