பழைய ஹோண்டா சிட்டியும் சட்டத்தின் ஒற்றை வினைச்சொல்லும்

2003 முதல் 2008 வரை இந்தியாவில் விற்பனையான ஹோண்டா சிட்டி கார்கள் பல இன்னும் சாலையில் ஓடுகின்றன. 1,497 கன சென்டிமீட்டர் எஞ்சின், 77 குதிரைத்திறன், சிலிண்டருக்கு இரண்டாக எட்டு ஸ்பார்க் பிளக்குகள். தந்தை தவணை கட்டி வாங்கிய காரை மகன் ஓட்டுகிறார். புதிய கார் வாங்கும் நிலையில் இல்லாத அவர், ஞாயிற்றுக்கிழமைகளில் அடுக்ககத்தின் வாகன நிறுத்தத்தில் அமர்ந்து மூன்று வேலைகளைச் செய்கிறார். ஸ்டீரியோவை மாற்றுகிறார், சைலன்சரை மாற்றுகிறார், சக்கரங்களை மாற்றுகிறார். காவலரும் பக்கத்து வீட்டாரும் பல்கலைக்கழகப் பேராசிரியரும் இம்மூன்றையும் ஒரே சொல்லால் குறிக்கிறார்கள்: ‘மாடிஃபிகேஷன்’. அந்த இளைஞரும் அவ்வாறே குறிக்கிறார். கேடு இங்கேதான் தொடங்குகிறது. தன்மையில் முற்றிலும் வேறான மூன்று செயல்களை ஒரு சொல் ஒரே மூட்டையில் கட்டிவிடும்போது, தண்டிக்கப்பட வேண்டியவர் அந்த மூட்டைக்குள் ஒளிந்துகொள்கிறார். தண்டிக்கப்படக் கூடாதவர் அதே மூட்டையோடு சேர்த்து அடிவாங்குகிறார்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு ‘மாற்றுதல்’ என்னும் ஒரே வினையின்மீது நிற்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் வகுத்தவற்றினின்று வேறுபடும்படி உரிமையாளர் வாகனத்தை மாற்றலாகாது என்பது அதன் சாரம். கேரளத்திலிருந்து சென்ற மேல்முறையீடு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் 182அ என்னும் பிரிவைச் சேர்த்து, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்று எண்ணச் சொல்லும் சட்டம், எதை ஒரு மாற்றமாக எண்ணுவது என்பதைச் சாலையில் நிற்கும் காவலரிடம் விட்டுவிட்டது. தனியார் காரின் பதிவுச் சான்றிதழில் நிறம் உண்டு, எரிபொருள் உண்டு, இருக்கைகளின் எண்ணிக்கை உண்டு, எஞ்சினின் கன அளவு உண்டு. ஸ்டீரியோவின் பெயர் அங்கே இல்லை. சைலன்சர் குழாயின் விட்டம் இல்லை.

இந்தி பேசுவோரிடையே பெரிதும் புழங்கும் தொடர் ‘மாடிஃபை கர்வானா’ என்பது. பிறரைக் கொண்டு செய்விப்பதைச் சுட்டும் பிறவினை அது. கரோல் பாகிலோ பெங்களூரின் ஜே.சி. சாலையிலோ ஒரு கடையில் காரை விட்டுவிட்டு மாலையில் எடுத்துவரும் மனிதரே இத்தொடரின் எழுவாய். தானே ஸ்பேனர் பிடிப்பவர் இலக்கணத்திலும் விளிம்புநிலையினர்தான்.

இனி ஒவ்வொன்றாக. ஸ்டீரியோவை மாற்றுவது அந்தரங்கமான செயல். பழைய கேசட் அல்லது சி.டி. பெட்டியைக் கழற்றி, மஞ்சள் கம்பியை நிரந்தர மின்சாரத்துக்கும், சிவப்பைச் சாவி திருகும்போது வரும் மின்சாரத்துக்கும், கறுப்பைக் காரின் உலோகத்துக்கும் இணைக்கிறார். பிறகு கதவின் உட்பலகையைக் கழற்றி, அதிரும் தகரத்தின்மீது பியூட்டைல் தாள் ஒட்டி, ஓட்டைகளை அடைக்கிறார். விலை உயர்ந்த ஸ்பீக்கரைவிட இந்த அடைப்பு வேலையே ஒலியைத் திருத்துகிறது. வியாபாரிகள் இதைச் சொல்வதில்லை, தாளில் அவர்களுக்கு இலாபம் குறைவு. ஆம்ப்ளிஃபயர் பொருத்தினால் பேட்டரியின் அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். இல்லையேல் உரசித் தோல் உரிந்த கம்பி தீயாகும். கண்காணிக்கத் தக்க ஆபத்து இதுதான், இதற்குச் சிறைத் தண்டனை மருந்தாகாது. காப்பீட்டுத் துறைக்கு இந்த வேறுபாடு நெடுங்காலமாகத் தெரியும். இந்திய மோட்டார் கட்டண விதிகள், தனியே பொருத்திய மின்சாதனங்களின் மதிப்பை அறிவித்து 4 விழுக்காடு கூடுதல் கட்டணம் செலுத்தினால் பாதுகாப்பு உண்டு என்கின்றன. கணக்கு எழுதுவோர் பிரித்தறிந்ததைச் சட்டம் எழுதுவோர் பிரிக்கவில்லை.

சைலன்சர் விஷயத்தில் அந்த இளைஞருக்காக வாதாடுவதற்கு எதுவும் இல்லை. ‘என் கார், என் விருப்பம்’ என்ற உரிமைக் குரல் இங்கே உடைகிறது. ஒலி காரின் எல்லையோடு நிற்பதில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்குமேல் 45 டெசிபல் என வரம்பு வகுத்திருக்கின்றன. டெசிபல் மடக்கை அளவு: பத்து கூடினால் ஒலிச்செறிவு பத்து மடங்காகிறது. சைலன்சரின் உள்ளறைகளை வெட்டியெறிந்து நேர்க்குழாய் பொருத்தியவர், தூங்கும் குழந்தையின் அறைக்குள்ளும் தேர்வுக்குப் படிப்பவரின் அறைக்குள்ளும் அழைப்பின்றி நுழைகிறார்.

சரி, இதனால் வேகமாவது கூடுகிறதா? பெரும்பாலும் இல்லை. தாழ்ந்த சுழற்சியில் நன்றாக இழுக்கும்படி வடிவமைத்த 77 குதிரைத்திறன் எஞ்சினுக்கு அகலக் குழாய் பொருத்தினால், வெளியேறும் வாயுவின் வேகம் குறைகிறது; நகர நெரிசலில் மிகவும் தேவைப்படும் அந்த இழுவிசையே தளர்கிறது. கார் விரைவதுபோல் தோன்றுவது காதின் மயக்கம். அதைவிடக் கொடியது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அகற்றுவது. பிளாட்டினமும் பலேடியமும் ரோடியமும் பூசிய அந்தத் தேன்கூடு, கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பன்களையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் தீங்கு குறைந்தவையாக மாற்றுகிறது. பெட்ரோல் கார்களில் இதனைக் கட்டாயமாக்கும் பணி 1995இல் நான்கு பெருநகரங்களில் தொடங்கியது. தில்லியின் குளிர்கால வானத்தைக் கண்ட பிறகும் அதைக் கழற்றிப் பழைய இரும்புக்கடையில் போடுபவர் பொழுதுபோக்காளர் அல்லர்.

ஆர்வலர் கூட்டம் இந்த இடத்தில்தான் நேர்மையை இழக்கிறது. சைலன்சரைக் கண்டித்தால் உடனே ஸ்டீரியோவைக் கேடயமாக முன்னே நீட்டுகிறார்கள்: ‘பாட்டுக் கேட்பதும் குற்றமா?’ ஒற்றைச் சொல் அவர்களுக்கும் வசதியாகவே இருக்கிறது.

சக்கரம் வேறு வகை. அங்கே தேவைப்படுவது பெருக்கல் கணக்கு. இந்த சிட்டியின் மூல டயர் 175/65 ஆர்14. பக்கச்சுவரின் உயரம் 113.75 மில்லிமீட்டர், முழு விட்டம் ஏறத்தாழ 583. பதினைந்து அங்குல அலாய் சக்கரத்தில் 185/55 டயர் போட்டால் விட்டம் 584.5, வேறுபாடு கால் விழுக்காடு. வேகமானி பொய் சொல்லாது, பிரேக்கின் பிடியும் குலையாது. அதே காரில் படத்துக்காகப் பதினேழு அங்குலத்தில் 205/45 போட்டால் விட்டம் 616ஐத் தாண்டுகிறது. முள் 60 காட்டும்போது கார் 63க்கு மேல் ஓடும். வளைவில் டயர் மட்கார்டில் உரசக்கூடும். பக்கச்சுவர் 92 மில்லிமீட்டராகச் சுருங்குவதால் முதல் மழைக்காலப் பள்ளத்திலேயே ரிம் வளையலாம். சக்கரத்தின் நடுத்துளை காரின் ஹப்புக்குப் பொருந்துகிறதா, டயரின் சுமைக் குறியீடு மூல டயருக்குக் குறையாமல் இருக்கிறதா என்பனவும் பார்க்க வேண்டியவை. பள்ளி மாணவர் போடக்கூடிய இந்தக் கணக்கு, நல்ல சக்கரத்தையும் கெட்ட சக்கரத்தையும் ஐயத்துக்கு இடமின்றிப் பிரித்துவிடுகிறது. இவ்வளவு விழுக்காடு வரை தடையில்லை என்று ஒரு வரி எழுதிவைத்தால் போதும். கார் பளபளக்கிறதா என்று பார்த்து அபராதம் எழுதும் வழக்கம் தேவைப்படாது.

ஆய்வுலகம் இதில் காட்டும் இரட்டை நாக்கையும் சொல்லியாக வேண்டும். 2012இல் ‘ஜுகாட் இன்னொவேஷன்’ என்ற நூல் வந்த பிறகு அந்த இந்திச் சொல் மேலாண்மை வகுப்புகளில் மணக்கத் தொடங்கியது. நீரிறைக்கும் டீசல் எஞ்சினை மரச்சட்டத்தில் ஏற்றி வண்டியாக ஓட்டும் வடநாட்டு விவசாயி கருத்தரங்குகளில் மக்கள் அறிவின் சின்னம். அவரைப் போலவே கையால் கற்கும் ஒரு கீழ்நடுத்தர வர்க்க இளைஞர், மாயாபுரியின் பழைய உதிரிபாகக் குவியலில் தேடி எடுத்த ஸ்டீரியோவைத் தந்தையின் காரில் பொருத்தினால், அதே கருத்தரங்கில் அவர் நுகர்வு வெறியின் சின்னம்; ஆண்மைப் பகட்டின் நோய்க்குறி. சைலன்சரைப் பொறுத்தமட்டில் அந்தக் குற்றச்சாட்டில் உண்மை உண்டு. கதவைத் திறந்து கம்பிகளின் நிறம் பார்த்து இணைக்கும் பொறுமையின்மீது அதை ஏவுவதில் வர்க்க வெறுப்பைத் தவிர வேறெதுவும் இல்லை. அலாய் சக்கரங்களும் நல்ல ஒலிபெருக்கிகளும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு, உயர்விலை மாதிரியாக விற்கப்படும்போது அது ‘அம்சம்’. வீட்டில் பொருத்தினால் அது ‘மாற்றம்’.

அரசின் முரண்பாடும் இதற்குக் குறைந்ததன்று. எரிவாயுக் கருவி பொருத்தி எஞ்சினின் எரிபொருளையே மாற்ற 52ஆம் பிரிவு இடந்தருகிறது. அதற்கென விதிகளும் அங்கீகரித்த கருவிகளும் உள்ளன. நெறிப்படுத்த மனமிருந்தால் முடியும் என்பதற்கு அதுவே சான்று. பதினைந்து ஆண்டு கடந்த காரின் மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. அதே ஆண்டு ஜூலையில், பழுதுபார்க்கும் உரிமைக்கான சட்டகத்தை வகுக்க நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழுவை அமைத்து, அதன் வரம்பில் வாகனங்களையும் சேர்த்தது. பழைய காரைக் கைவிடு என்று ஒரு துறையும் பழுதுபார்த்து வைத்துக்கொள் என்று இன்னொரு துறையும் சொல்கின்றன. இரண்டுக்கும் இடையில் ஸ்பேனரோடு நிற்பவரைக் காவலர் எதிர்கொள்கிறார்.

பல நகரங்களில் பறிமுதல் செய்த மோட்டார் சைக்கிள் சைலன்சர்களைச் சாலையில் வரிசையாக அடுக்கி, உருளை ஏற்றி நசுக்கிப் படம் பிடிக்கிறார்கள். பஞ்சாபில் ‘பட்டாக்கா’ என்றழைக்கப்படும் வெடியோசைப் புல்லட்டுகளுக்கு இந்தக் காட்சி பொருந்தலாம். அளவீட்டுக்கு அது ஈடாகாது. நின்ற வாகனத்தின் ஒலியைக் குழாயிலிருந்து அரை மீட்டர் தொலைவில், 45 பாகைக் கோணத்தில் ஒலிவாங்கி வைத்து அளக்கும் முறையைப் பன்னாட்டுத் தர அமைப்பின் 5130ஆம் தரநிலை தெளிவாக வகுத்திருக்கிறது. அதற்குத் தேவை ஓர் ஒலிமானியும் சில நிமிடங்களும். ஆனால் நமது மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் நிலையத்தில் குழாய்க்குள் ஓர் ஆய்வுக்கம்பி நுழைகிறது, வாயுவின் அளவு திரையில் தோன்றுகிறது, சான்றிதழ் அச்சாகிறது. அந்தக் கார் கிளம்பும்போது எழுப்பும் ஓசை எதிர்க்கடைக்காரரைக் காதைப் பொத்திக்கொள்ளச் செய்தாலும், அதை எழுதிக்கொள்ள அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.