துருத்தியும் சுருதியும்

சங்கீதத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ராகத்தைப் பற்றி எழுதுவார்கள். தாளத்தைப் பற்றி எழுதுவார்கள். வித்துவானுடைய அங்கவஸ்திரத்தைப் பற்றிக்கூட எழுதுவார்கள். காற்றைப் பற்றி எழுதுகிறவர் அரியர். இந்த வாரம் நாம் அதை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு.

தாம்பரத்தை அடுத்த சேலையூரில் நம் பழைய மாணாக்கர் ஒருவர் தம் வீட்டுக் கூடத்திலேயே சிறிய குழல் ஆர்கன் ஒன்றைச் செய்து வருகிறார். மூன்று ஸ்தாயிக்கு உரிய 37 மரக்குழல்களையும் அவரே இழைத்து ஒட்டியிருக்கிறார். இரண்டு வருஷ உழைப்பு. காற்றுக்காக, வீட்டிலிருந்த தூசி உறிஞ்சும் யந்திரத்தைத் திருப்பி வைத்து ஊதவிட்டார். குழல்கள் பாடவில்லை, வீறிட்டன. “ஐயா, குழல்கள்தாம் பழுது போலும். எல்லாவற்றையும் அறுத்துப் போட்டுவிட்டு விட்டுவிடலாமா?” என்று மனம் நொந்து நமக்கு எழுதியிருக்கிறார்.

கூடவே கூடாது என்பதே நம் விடை. பிழை குழலில் இல்லை, காற்றில் இருக்கிறது.

“அந்நிய வாத்தியம் நமக்கு எதற்கு?” என்று சில நேயர்கள் கேட்கக்கூடும். பாலுசுவாமி தீக்ஷிதர் பிடிலைக் கற்று நம்முடையதாக்கிய நாடு இது. கையால் ஒன்றைச் செய்து அதன் சூட்சுமத்தை அறிந்துகொண்டவனுக்கு அது அந்நியமாக நிற்பதில்லை.

சூட்சுமம் நம் வீட்டிலேயே இருக்கிறது. நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிறவரைக் கவனியுங்கள். மூக்கால் மூச்சை இழுக்கும்போதும் அவர் சுருதி அறுவதில்லை. அந்தக் கணத்துக்கு வேண்டிய காற்றைக் கன்னத்தில் தேக்கி வைத்திருக்கிறார். ஆர்மோனியத்தைத் திறந்து பாருங்கள். கை அசைக்கும் துருத்தி ஒன்று. அதற்கு உள்ளே வில் அழுத்திக்கொண்டிருக்கும் தேக்கத் துருத்தி மற்றொன்று. கை விட்டுவிட்டுத் தள்ளுகிறது. தேக்கம் ஒழுங்காகக் கொடுக்கிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் முதல் ஆர்கனைச் செய்த தெஸிபியஸ் என்பவரும், தண்ணீரின் பாரத்தைக் கொண்டு காற்றை இவ்வாறே நிதானப்படுத்தினார். ஆகவே காற்றை உண்டாக்குவது ஒரு வேலை. அதை அடக்கிக் கொடுப்பது வேறு வேலை. முன்னதற்கு யந்திரம், பின்னதற்குத் தேக்கம். நம் மாணாக்கர் இரண்டாவதை மறந்துவிட்டு முதலாவதைப் பெரிதாக்கிவிட்டார்.

காற்று மிகுந்தால் திறந்த குழல் மேல் ஸ்தாயிக்குத் தாவும். வாய் மூடிய குழல் அதற்கும் மேலே பஞ்சமத்துக்குப் போய்விடும். ஆதலால் முதலில் வாங்க வேண்டியது யந்திரம் அன்று, ஒரு கஜம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய். அதை வளைத்து ஒரு பலகையில் பொருத்தி, பாதியளவு மைத்தண்ணீர் விட்டு, ஒரு முனையைக் காற்றுப்பெட்டியில் சேர்த்தால், இரு கைகளிலும் நிற்கும் நீர்மட்டத்தின் வித்தியாசமே காற்றின் அழுத்தம். வீட்டு ஆர்கனுக்கு 2 அங்குலம் போதும். தூசி யந்திரமோ அதற்குப் பல மடங்கு தள்ளவல்லது.

அந்த 2 அங்குலத்தை நிர்ணயிப்பது மோட்டார் அன்று. தேக்கத்தின் மேல் வைக்கும் பாரம். மேற்பலகை 60 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் ஆனால், பலகையின் எடையையும் சேர்த்து 12 கிலோ பாரம் வேண்டும். செங்கல் ஒன்று 3 கிலோ எனக் கொண்டால் நான்கு செங்கல் கணக்கு. பலகை எழும்போது காற்று வரும் வழியைச் சாத்தவும், தாழும்போது திறக்கவும் ஒரு சிறு கதவைக் கயிற்றால் அதனோடு பிணைத்துவிட்டால், ஒரு சுரம் வாசித்தாலும் பத்துச் சுரம் வாசித்தாலும் அழுத்தம் அப்படியே நிற்கும்.

இனி யந்திரம். கொல்லுலைக்குக் கையால் சுற்றும் ஊதுகாற்றாடி இரும்புக் கடைகளில் கிடைக்கிறது. காற்று விட்டுவிட்டு வந்தால் இரும்பு கோபித்துக்கொள்ளாது, குழல் கோபித்துக்கொள்ளும். தூசி யந்திரத்தின் மோட்டாரோ மின்சாரம் தாழ்ந்தால் தானும் தாழும், ஓசையும் அதிகம். கடைக்காரர் ‘புளோயர்’ என்று சொல்வதில், நிமிஷத்துக்கு 2,800 சுற்றுச் சுற்றும் இண்டக்ஷன் மோட்டார் பூட்டியதே நமக்கு ஏற்றது. மின்சாரம் சற்று ஏறி இறங்கினாலும் அதன் வேகம் அதிகம் மாறாது. அந்த வேகத்தில் 10 அங்குல விட்டமுள்ள சக்கரம் சுமார் 3 அங்குல அழுத்தம் கொடுக்கும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதால் மிகைவேகத்தை நாட வேண்டாம்.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதற்கும் ஒரு சுலபமான பரீக்ஷை. தேக்கத்தை நிரப்பிவிட்டு, யந்திரத்தை நிறுத்தி, வாசிப்பில் வரக்கூடிய மிகப் பெரிய சுரக்கூட்டை அழுத்துங்கள். 36 லிட்டர் தேக்கம் நான்கு வினாடியில் தாழ்ந்தால் வினாடிக்கு 9 லிட்டர் செலவு. அதைப்போல் இரு மடங்கு தரும் யந்திரமாக வாங்கினால் கவலையில்லை.

ஓசையை அடக்க, யந்திரத்தை ரப்பர்க் கட்டைகளின் மேல் நிறுத்தி, தேங்காய் நார்ப்பாய் ஒட்டிய மரப்பெட்டிக்குள் வையுங்கள். மோட்டார் சூடேறாதபடி காற்றோட்டம் இருக்கட்டும். இணைப்புக்கு இரும்புக் குழாய் வேண்டாம். கித்தான் குழாய் அதிர்ச்சியைக் கடத்தாது. காற்றை ஆர்கன் இருக்கும் அறையிலிருந்தே எடுக்க வேண்டும். வெப்பம் ஏறினால் குழலின் சுருதியும் ஏறும். மார்கழி விடியலில் 20 டிகிரியில் சேர்த்த குழல், சித்திரைப் பகலில் 38 டிகிரியில் ஏறக்குறைய அரை சுரத்தில் பாதி ஏறிவிடும். சில குழல்களுக்கு வெயிற்காற்றும் சிலவற்றுக்கு அறைக்காற்றும் போனால் ஒன்றோடொன்று சேராது.

துருத்தியின் மடிப்புக்கு மெல்லிய ஆட்டுத்தோல் வேண்டும். அதற்குச் சீமைக்கு எழுத வேண்டியதில்லை. 1912-இல் ஜி. ஏ. சேம்பர்ஸ் தொடங்கிய குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்றது குரோம்பேட்டை. அத்தொழிற்சாலை மறைந்துவிட்டது, ஆயினும் பல்லாவரம், பம்மல் பக்கத்தில் தோல் பதனிடும் தொழில் மறையவில்லை. ஒட்டுவதற்குத் தச்சர்களின் வச்சிரப்பசை இருக்கிறது. எலிக்கும் கரப்பானுக்கும் இவ்விரண்டும் விருந்து என்பதை மட்டும் மறவாதீர்கள்.

உள்ளூர்ச் சரக்கைக் கொண்டு இது ஆகுமா என்று ஐயுறுகிறவர்கள் பிலிப்பைன்ஸ் தேசத்து லாஸ் பின்யாஸ் ஊரை நினைக்கலாம். அங்கே தியேகோ ஸேரா என்ற பாதிரியார் 1824-இல் முடித்த ஆர்கனில் 1,031 குழல்கள். அவற்றுள் 902 மூங்கில். நம்முடையது போன்ற வெப்பமும் ஈரமும் உள்ள ஊர் அது. இன்றும் அது பாடுகிறது.

ஆகையால் சேலையூர் நண்பர் வாளைக் கீழே வைக்கட்டும். ஒரு கஜக் குழாயையும் நான்கு செங்கல்லையும் எடுத்துக்கொண்டு மறுபடி தொடங்கட்டும்.