கவிதையைக் கோஷமாக்காதீர்!

யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த கதையை நம்மவர் பேசும் மேடைகளிலே ஒரு கவிதையின் பெயர் தவறாமல் ஒலிக்கும். எம். ஏ. நுஃமான் பாடிய ‘புத்தரின் படுகொலை’ என்பதே அது. 1981 மே 31 இரவு, மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நெருங்கிய வேளையில், மூண்ட தீயிலே ஏறத்தாழ 97,000 நூல்களும் பெறற்கரிய ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. அச்சாம்பரிலிருந்து எழுந்த கவிதையை நாம் மறவாதிருப்பது நன்றே. ஆயின், அதனை நாம் படிக்கின்றோமா, வெறுமனே முழங்குகின்றோமா?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாணவரைப் பரீட்சைக்குப் பழக்கும் வகுப்புகள் பல. அங்கே கவிதை என்றால் என்ன? ஆசிரியர் சொல்ல மாணவன் கொப்பியில் எழுதும் குறிப்பு! உவமை இத்தனை, உருவகம் இத்தனை என்று எண்ணி முடித்தால் கவிதையும் முடிந்தது. மேடையிலோ அதே கவிதை கைதட்டலுக்கு உரிய கோஷம். முன்னவர் சொல்லை எண்ணுகின்றனர், பொருளைக் காண்பதில்லை. பின்னவர் பொருளைத் தாமே வைத்துக்கொண்டு வருகின்றனர், சொல்லைக் காண்பதில்லை. கவிஞன் சொன்னது என்னவென்று இருவருமே கேட்கவில்லை.

கேட்டுத்தான் பார்ப்போமே! கவிதை ஒரு கனவாகத் தொடங்குகிறது. சிவில் உடை தரித்த காவலர் புத்தரைச் சுட்டுக் கொல்கின்றனர். நூலகப் படிக்கட்டருகே அவர் உடல் கிடக்கிறது. இருளிலே அமைச்சர்கள் வருகின்றனர். நம் பட்டியலில் இவர் பெயர் இல்லையே என்கின்றனர். தவறு நேரவில்லை, இவரைக் கொல்லாமல் ஓர் ஈயைக் கூடச் சுட முடியாது என்று விடை வருகிறது. பிணத்தை மறைக்கக் கட்டளை பிறக்கிறது. தொண்ணூறாயிரம் நூல்களால் உடலை மூடிச் சிகாலோவாத சூத்திரத்தைக் கொளுத்தித் தீ மூட்டுகின்றனர்.

இதிலே ஒரு வசைச்சொல் உண்டா? மருந்துக்கும் இல்லை. பட்டியல், தவறு, கட்டளை என்று வருவதெல்லாம் கந்தோர் மொழி. கோவைகளுக்கு நடுவே வாழும் எழுதுவினைஞரும் சட்டத்தரணிகளும் நாள்தோறும் புழங்கும் மொழி. கொலையை ஓர் அலுவலாக நடத்தும் ஆட்சியை அதன் சொந்த மொழியாலேயே கவிஞன் காட்டிக் கொடுக்கிறான்.

கொல்லப்பட்டவர் யார் என்பதையும் பாருங்கள். தமிழர் ஒருவர் அல்லர். கொலையாளிகள் கைகூப்பித் தொழும் புத்தர்! அயலானைக் கொல்லத் துணிபவன் முதலிலே தன் அறத்தைத்தான் கொல்ல வேண்டியிருக்கிறது என்பதே அப்படிமத்தின் பொருள். எரிதிரியான சூத்திரம் எது? பெற்றாரும் பிள்ளைகளும், ஆசானும் மாணவனும், நண்பரும் நண்பரும் ஒருவருக்கொருவர் ஆற்றவேண்டிய கடனைச் சொல்லும் போதனை அது. வேலையாளுக்கு அவன் வலிமைக்கேற்ற வேலை கொடு, உணவும் கூலியும் கொடு, நோயுற்றால் பேணு என்று சொல்வது. வயலிலே ஆள் வைத்து வேலை வாங்கும் கமக்காரருக்கு இதன் அருமையை நாம் விளக்கவும் வேண்டுமா?

இது தமிழுக்குப் புதிய வழியன்று. உறையூரை நலங்கிள்ளி முற்றுகையிட்டான். உள்ளே நெடுங்கிள்ளி அடைபட்டிருந்தான். இருவரும் சோழர். அங்கே நின்று பாடிய கோவூர்கிழார் போரின் கொடுமையை விரித்துரைக்கவில்லை. சேரனின் பனம்பூவும் இல்லை, பாண்டியனின் வேம்பும் இல்லை. இருவர் மாலையும் ஆத்திமாலையே என்று பூவைச் சுட்டினார். எவர் தோற்றாலும் தோற்பது ஒரே குடி. புறநானூற்றின் 45ஆம் பாட்டைத் திணையும் துறையும் மட்டும் சொல்லிக் கடந்துபோகும் வகுப்பறைக்கு அந்தப் பூ கண்ணிற் படுமா?

நுஃமானின் கவிதையைச் சிங்கள மக்கள்மீது எறியும் கல்லாகக் கொள்வோரை நாம் கேட்கிறோம்: பகைவன் தன் பகைவனின் ஆசானுக்காக அழுவானா? 1983 யூலையிலே இதே வெள்ளவத்தையில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. சட்டம் கைவிட்ட அந்நாளில் அயலவரைத் தம் வீட்டிலே ஒளித்துக் காத்த சிங்களவரும் இருந்தனர். அவர்கள் இல்லங்களில் அந்தச் சூத்திரம் எரியவில்லை!

இன்னொன்றும் கேட்போம். கசக்கும், எனினும் கேட்போம். யாழ்ப்பாணத்து நூலகத்துக்காகப் பாடிய நுஃமான் கல்முனைக்குடியிற் பிறந்த முஸ்லிம். 1990 அக்டோபரிலே வடபுலத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ் நகரத்து முஸ்லிம்கள் சில மணி நேரத்தில் வெறுங்கையராய் வீதிக்கு வந்தனர். அன்று நம்மிடையே எந்த அறம் சுடப்பட்டது? எந்த ஏடு கொளுத்தப்பட்டது? பிறர் குற்றத்தைக் காட்டும் கண்ணாடியாக மட்டும் கவிதையைப் பிடிப்பவர் அதை ஒருமுறை தம் முகத்துக்கு நேரே திருப்பட்டும்.

வெள்ளவத்தையிலே கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. கொட்டாஞ்சேனையிலே விவேகானந்த சபை இருக்கிறது. மாலை மரியாதைகளுக்கு எத்தனையோ மாலைப்பொழுதுகளைச் செலவிடும் நாம், ஒரு மாலையை இந்த ஒரு கவிதைக்கு ஒதுக்கலாகாதா? ஒலிபெருக்கி வேண்டா. தமிழிலே வரிவரியாகப் படிப்போம். சிங்கள நண்பரை அழைத்து அவர் மொழியிலும் சொல்லிப் பொருள் ஆராய்வோம். பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும்.

விதைநெல்லைக் குற்றி உண்பவன் அடுத்த போகத்துக்குக் கையேந்துவான் என்பதைக் கமக்காரர் அறிவர். போரை மறுக்கும் கவிதை நம் விதைநெல். அதனைக் கைதட்டலுக்காகக் குற்றித் தீர்க்காதீர்!