'ரஷ்யன் தானே' என்பது விமர்சனம் இல்லை

2011 ஜனவரி 5, புதன்கிழமை இரவு. அடுத்த நாள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், எனக்கு விடிய ஐந்து மணிக்கு வேலை. ஆனாலும் ஸ்காபரோவில் அக்கா வீட்டு பேஸ்மென்ற்றில் ஒரு டசின் பேர் ரீவிக்கு முன்னால் குந்தியிருந்தோம். பஃபலோவில் உலக ஜூனியர் ஹொக்கி இறுதி ஆட்டம். கனடாவும் ரஷ்யாவும். நாற்பது நிமிடம் முடிய கனடா 3, ரஷ்யா 0.

"சரி, முடிஞ்சுது" என்று அத்தான் தேத்தண்ணி போட மேலே போனார். தட்டோடு அவர் திரும்பி இறங்கும்போது 3–2. பனாரின் ஒன்று அடித்தார், அதற்குப் பிறகு அரை நிமிடம்கூட ஆகவில்லை, கிட்சின் இன்னொன்று. கப்டன் தரசென்கோ சமப்படுத்தினார். திரும்பவும் பனாரின். கடைசியில் 5–3. ஒரே பீரியட்டில் ஐந்து கோல். பத்து வயது மருமகன் ஜேர்சியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

அதற்குப் பிறகு நடந்த கதையைத்தான் நான் இத்தனை வருடமாக மறக்கவில்லை. ஐந்து கோலையும் விட்ட கனடாவின் கோல்கீப்பர் மார்க் விசென்ரினைப் பற்றி அத்தான் சொன்னார்: "பாவம் பொடியன், பதினெட்டு வயசுதானே, பயந்திட்டான்." வென்ற ரஷ்யப் பொடியன்களைப் பற்றி அதே வாயால்: "உவங்கள் உப்பிடித்தான். இரண்டு பீரியட் நித்திரை, கடைசியில முழிப்பாங்கள். ரஷ்யன் தானே."

தோற்றவன் ஒரு பிள்ளை. அவனுக்கு வயது இருக்கிறது, பயம் இருக்கிறது. வென்றவன் ஒரு நாடு. அவனும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பொடியன்தான் என்பது அன்றிரவு எங்கள் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

லண்டனிலும் பாரிசிலும் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. (சுவிஸ்காரருக்கு ஹொக்கி புதிதில்லை.) உலக ஜூனியர் என்பது இருபது வயதுக்கு உட்பட்டவர்களின் சுற்றுப்போட்டி. பத்து நாடுகள். ஒவ்வொரு வருடமும் பொக்சிங் டே அன்று தொடங்கி ஜனவரி முதல் வாரத்தில் முடியும். கனடாவில் இது கிட்டத்தட்ட ஒரு பண்டிகை. பள்ளி விடுமுறை, வெளியில் குளிர், வீடு நிறையச் சொந்தக்காரர். இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் கனடாக் கொடியை முதல்முதலாகத் தோளில் போட்டது பலபேருக்கு இந்தப் போட்டிக்குத்தான். எதிரே யார் வேண்டும்? சோவியத் காலம் தொட்டு ரஷ்யாதான். 1987 ஜனவரியில் செக்கோஸ்லோவாக்கியாவின் பியெஸ்தானியில் இந்த இரண்டு நாட்டுப் பொடியன்களும் அடித்துப் புரண்டு, அரங்கத்தின் விளக்கையே அணைத்து, இரண்டு அணியையும் போட்டியிலிருந்து வெளியேற்றிய கதையை மருமகன் இப்போதும் புராணம் மாதிரிச் சொல்லுவான். அப்போது அவன் பிறக்கவேயில்லை.

ரஷ்ய ஜூனியர்களைப் பற்றி வாதாடக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வாதாடுங்கோ. எனக்கும் அது பிடிக்கும், பாதி இரவு போகும். ஆனால் பல வருடமாக நான் கேட்கிற வாதத்தில் பாதி, ஆட்டத்தைப் பற்றியதே இல்லை. "ரஷ்யன் பக்கை விடமாட்டான்." "ரஷ்யன் பின்னுக்கு ஓடி வரமாட்டான்." "ரஷ்யனுக்குத் தனக்குத்தான் கோல் வேணும்." இருபத்தைந்து பேர் கொண்ட ஒரு அணிக்கு ஒரே குணம், ஒரே மனம். ஒருவனுடைய பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தேவையில்லை.

இது எவ்வளவு பொய் என்பதற்கு இரண்டு இறுதி ஆட்டங்கள் போதும். ஒன்று நான் மேலே சொன்ன பஃபலோ. அந்த அணி முதல் இரண்டு ஆட்டத்திலும் தோற்றது. கனடாவோடு 6–3, சுவீடனோடு 2–0. பிறகு கால் இறுதியில் பின்லாந்தையும் அரையிறுதியில் சுவீடனையும் பின்தங்கி நின்றுதான் வென்றது. இறுதியிலும் அதையே செய்தது. "ரஷ்யன் விட்டுக்குடுக்க மாட்டான்" என்றார்கள். மற்றது 2020 ஜனவரி, செக் நாட்டின் ஒஸ்ட்ராவா. அதே கனடா. மூன்றாவது பீரியட்டில் ரஷ்யா 3–1 முன்னால். அங்கிருந்து தோற்றது, 4–3. கிட்டத்தட்ட நான்கு நிமிடம் இருக்கும்போது வெற்றிக் கோலை அடித்தவர் அகில் தோமஸ். (பெயரைக் கேட்டதும் அம்மா "எங்கட பொடியனோ?" என்று கேட்டா. இல்லை என்று சொல்ல மனமில்லாமல் நாங்கள் பேசாமல் இருந்துவிட்டோம்.) அன்றைக்கு என்ன சொன்னார்கள்? "ரஷ்யனுக்குக் கடைசியில நெஞ்சு இல்லை."

இரண்டு அணிக்கும் பயிற்சியாளர் ஒரே ஆள்தான், வலேரி பிராகின். அதே ஜேர்சி, அதே நாடு, அதே எதிரி. ஒன்று மூன்று கோல் பின்னால் நின்று வென்றது, மற்றது இரண்டு கோல் முன்னால் நின்று தோற்றது. 'ரஷ்யக் குணம்' என்று ஒன்று இருந்தால் அது இரண்டையும் விளக்க வேண்டும். ஒன்றையும் விளக்காத ஒன்றுக்கு ஏன் இவ்வளவு கதை?

விளக்கம் வேண்டுமென்றால் ஐசுக்கு மேலே பார்க்க வேண்டும். பஃபலோவில் மூன்றாவது கோல் விழுந்ததும் பிராகின் ஷிக்கினை இருத்திவிட்டு பொப்கோவை வலைக்குள் விட்டார். அதற்குப் பிறகு ஒரு கோலும் போகவில்லை. ஐந்தில் மூன்று கோலுக்குக் குஸ்னெட்சோவின் கை இருந்தது. ஒன்றையும் அவர் அடிக்கவில்லை, எடுத்துக் கொடுத்தார். 'பக்கை விடாத ரஷ்யன்' அன்று விட்டதால்தான் அந்தக் கோப்பை.

அந்த ஆட்டத்தை வென்று கொடுத்த பனாரினின் கதை இன்னும் வேடிக்கை. செல்யாபின்ஸ்க் பக்கத்தில் கோர்கினோ என்ற சின்ன ஊர்ப் பொடியன், தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். உலக ஜூனியர் இறுதியில் இரண்டு கோல், அதில் ஒன்று வெற்றிக் கோல். இதற்குப் பிறகும் முப்பது என்.எச்.எல் அணிகளில் ஒன்றுகூட அவரை ட்ராஃப்டில் எடுக்கவில்லை. 2015இல் சிக்காகோ அவரை ட்ராஃப்ட் இல்லாமலே சேர்த்தது. அடுத்த வருடமே சிறந்த புதுமுகத்துக்கான விருது அவருக்கு. 2012இல் முதலாவது ஆளாக எட்மன்ரன் எடுத்ததும் இன்னொரு ரஷ்ய ஜூனியரைத்தான், நெயில் யாகுபோவ். ஆறு வருடத்துக்குள் அவர் என்.எச்.எல்லை விட்டு ரஷ்யாவுக்கே திரும்பிவிட்டார். சம்பளம் வாங்கிக்கொண்டு பொடியன்களை மதிப்பிடுகிற ஆட்களுக்கே இந்த நிலைமை. நாங்கள் சோபாவில் இருந்து மிக்சர் கொறித்துக்கொண்டு ஏழு ஆட்டத்தில் தீர்ப்பு எழுதுகிறோம்.

கோல்கீப்பர்களின் பாடுதான் பெரிய பாடு. 2012இல் கல்கரியில் அரையிறுதி. ரஷ்யா 6–1 என்று கனடாவை நசுக்கிக்கொண்டு நின்றது, குஸ்னெட்சோவ் மூன்று கோல். பிறகு கனடா மளமளவென்று நான்கு கோல் அடித்து 6–5 ஆக்கியது. பதினேழு வயது வசிலெவ்ஸ்கியை வெளியே எடுத்து மக்காரோவை விட்டார்கள். "இந்தப் பொடியன் சரிவரான்" என்று எங்கள் பேஸ்மென்ற்றில் ஏகமனதாகத் தீர்மானம். அந்த வசிலெவ்ஸ்கி 2020, 2021 என்று அடுத்தடுத்து இரண்டு ஸ்ரான்லி கோப்பை தூக்கினார், இரண்டாவது தடவை பிளேஓஃபின் சிறந்த வீரரும் அவர்தான். மக்காரோவ்? அடுத்து வந்த இறுதியில் சுவீடன் அவர் மேல் 58 தடவை அடித்தது. 57ஐத் தடுத்தார். மேலதிக நேரத்தில் சிபனெஜாட் அடித்த ஒன்றே ஒன்று உள்ளே போனது. என்.எச்.எல்லில் அவர் கால் ஊன்றவில்லை. அந்த 57ஐ இன்றைக்கு யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? ரஷ்யா வெள்ளி, அவ்வளவுதான்.

2021இல் எட்மன்ரனில் ஆட்களே இல்லாத அரங்கில் நடந்த போட்டி ஞாபகம் இருக்கலாம். கோவிட் காலம், எல்லோரும் வீட்டுக்குள், வாட்ஸப் குழுக்கள் கொதித்த நேரம். ரஷ்யாவின் வலைக்குள் யாரோஸ்லாவ் அஸ்காரோவ், பதினெட்டு வயது. அதற்கு மூன்று மாதத்துக்கு முன்னர்தான் நாஷ்வில் அவரைப் பதினோராவதாக எடுத்திருந்தது. கோல்கீப்பரை அவ்வளவு முன்னுக்கு எடுப்பது அபூர்வம். அரையிறுதியில் கனடா 5–0. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பின்லாந்து 4–1. எங்கள் குடும்பக் குழுவில் அன்றிரவு வந்த செய்திகளை நான் இங்கே எழுத மாட்டேன். அவருடைய தாய் வாசித்தால் என்ன ஆகும் என்று ஒரு கணம் நினைத்தேன், பிறகு நானும் ஒரு கேலிப் படம் போட்டேன். அதுதான் உண்மை. ஏழு கோலைத் தடுத்தவனை ஒருவரும் பார்ப்பதில்லை, எட்டாவதை விட்டவனை ஊரே பார்க்கும் என்பது அந்த வேலையின் சாபம். அதற்கு மேலே 'ரஷ்யன்' என்ற பட்டமும் சேர்ந்தால் இரக்கத்துக்கு இடமேயில்லை.

ரஷ்யாவின் ரசிகர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? அவர்களுடைய சண்டை வேறு மாதிரி. யாகுபோவ், மக்காரோவ் போலப் பதினாறு, பதினேழு வயதில் கனடாவின் ஜூனியர் லீக்குக்குப் போன பொடியனை எடுப்பதா, ஊரில் நின்று விளையாடியவனை எடுப்பதா? போனவன் மேல் ஒரு கண், நின்றவன் மேல் இன்னொரு கண். நாட்டை விட்டுப் போனவனா நின்றவனா என்ற கேள்வி எங்களுக்கு விளங்காததா என்ன. எங்கள் கலியாண வீடுகளில் சாப்பாட்டு மேசைக்கு வருகிற கதைதானே இது.

அப்படிப் பார்த்தால் ஜேர்சியை வைத்து ஆளை அளக்கிற பழக்கத்தின் மறுபக்கமும் எங்களுக்குத் தெரியும். இலங்கை கிரிக்கெட் அணி இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் விளையாடும்போது மைதானத்துக்கு வெளியே பதாகையோடு நின்றவர்கள் நாங்கள். உள்ளே அரவிந்தவின் துடுப்பாட்டத்துக்குக் கைதட்டலாமா என்று வீட்டுக்குள்ளேயே சண்டை பிடித்தவர்களும் நாங்கள்தான். அரசு வேறு, ஆட்டக்காரன் வேறு என்று ஒரே வசனத்தில் சொல்லி முடித்துவிட முடியாது என்று எங்களுக்குத் தெரியும். அதனால்தான் அடுத்ததை நான் கவனமாக எழுதுகிறேன்.

2022 பெப்ரவரியில் உக்ரைன் மீதான படையெடுப்புக்குப் பிறகு சர்வதேச ஹொக்கி சம்மேளனம் ரஷ்யாவையும் பெலருஸையும் வெளியே நிறுத்தியது. அந்த முடிவை நான் எதிர்க்கவில்லை. அதே வருடக் கடைசியில் உக்ரைனின் 25 வயதுக்குட்பட்ட அணி மேற்குக் கனடாவுக்கு வந்து பல்கலைக்கழக அணிகளோடு விளையாடியது. டொனெட்ஸ்க் அணியின் அரங்கம் 2014இலேயே எரிந்து போனது. விளையாட இடமில்லாமல் போன பொடியன்களை நினைத்தால், மற்றவர்கள் கொஞ்சக் காலம் வெளியே நிற்பது பெரிய அநியாயமாக எனக்குத் தெரியவில்லை. கொடி என்று ஒன்று ஐசுக்கு மேலே ஏறினால் அது வெறும் துணி இல்லை.

ஆனால் தடை வந்ததும் எங்கள் ஆட்கள் சிலர் அதைப் பிடித்துக்கொண்டு பழைய பாட்டையே புதிதாகப் பாடத் தொடங்கியபோதுதான் எனக்கு எரிச்சல் வந்தது. "பாத்தியளே, உவங்கள் உப்பிடித்தான் எண்டு நான் அப்பவே சொன்னேன்." அரசின் போருக்கான தண்டனை, பதினாறு வயதுப் பொடியன் பின்னுக்கு ஓடி வராததற்கான சாட்சியாக மாறிவிட்டது. தடை ஒரு அரசியல் முடிவு. அது ஒருவனுடைய ஸ்கேற்றிங்கைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

மத்வே மிச்கோவ் பதினாறு வயதில், 2021இல் ரெக்சாசில் நடந்த 18 வயதுக்குட்பட்டவர்களின் உலகப் போட்டியில் 12 கோல் அடித்தவர். 2023 ட்ராஃப்டில் ஏழாவதாகத்தான் போனார். அவரை ஒருவரும் உலகப் போட்டியில் பார்க்க முடியாதது ஒரு காரணம், ரஷ்யாவில் அவருக்கு இன்னும் மூன்று வருட ஒப்பந்தம் இருந்தது இன்னொரு காரணம். இரண்டும் நியாயமான காரணம். ஆனால் நான் கேட்டது என்ன? "உவனுக்குத் தலைக்கனமாம்." யார் சொன்னது? ஒருவருக்கும் தெரியாது. கண்ணால் பார்க்காத இடத்தில்தான் வதந்தி நன்றாக முளைக்கும்.

இவான் டெமிடோவுக்கு அதுவும் கிடைக்கவில்லை. 2005 டிசம்பரில் பிறந்தவர். அவருடைய வயதுக்கு வரவேண்டிய உலக ஜூனியர்கள் எல்லாம் தடைக்குள் போய்விட்டன. எங்கள் பேஸ்மென்ற் அவரைத் திட்டவும் இல்லை, புகழவும் இல்லை. 2024இல் மொன்றியல் ஐந்தாவதாக எடுத்தபோது மருமகன் சொன்னான்: "மாமா, நல்ல கெட்டிக்காரனாம். ஆனா ரஷ்யன் தானே, பின்னுக்கு வருவானோ தெரியாது." முன்பு முகத்தை மூடி அழுத அதே பொடியன், இப்போது இருபத்து நான்கு வயது, கணக்காளர். "நீ அவன் விளையாடி எத்தனை ஆட்டம் பாத்தனி?" என்று கேட்டேன். தொலைபேசியில் பார்த்த துண்டு வீடியோக்கள்தானாம். துண்டு வீடியோவில் யார் பின்னுக்கு ஓடி வருவதைக் காட்டுவார்கள்?

ஒரு பந்தயம் கட்டினோம். முதல் ஐந்து ஆட்டம் முழுவதும் பார்க்க வேண்டும். பக் டெமிடோவிடம் இல்லாத நேரத்தில் அவரை மட்டும் பார்க்க வேண்டும். எங்கே நிற்கிறார், எப்போது திரும்புகிறார், களைத்தால் உடனே வெளியே போகிறாரா. அதற்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் திட்டலாம், நான் வாயே திறக்க மாட்டேன் என்றேன்.

2025 ஏப்ரலில் மொன்றியலில் சிக்காகோவுக்கு எதிராக டெமிடோவின் முதல் ஆட்டம். முதல் பீரியட்டிலேயே ஒரு கோல், ஒரு பாஸ். அரங்கம் கூரை பிய்ந்தது. நான் வேலையில் இருந்தேன். இடைவேளையில் தொலைபேசியை எடுத்துப் பார்த்தால் மருமகனிடமிருந்து ஒரு செய்தி. கோலைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

"மாமா, ரெண்டு தரம் பின்னுக்கு வந்தவன். ஒருக்கா வரேல்ல. எழுதி வைச்சிருக்கிறன்."