ஓய்வு தந்தோம், உறவைப் பறித்தோம்!

முப்பது ஆண்டு, முப்பத்தைந்து ஆண்டு, ஆலைச் சங்கு ஊதியதும் எழுந்து ஓடியவர் உழைப்பாளி. ஒரு நாள் அவருக்கு மாலை போடுகிறார்கள். பாராட்டிப் பேசுகிறார்கள். பணிக்கொடையைக் கணக்குப் பார்த்துக் கையிலே கொடுக்கிறார்கள். 'போய் வாருங்கள், ஓய்வெடுங்கள்' என்கிறார்கள். மறுநாள் காலையிலும் சங்கு ஊதுகிறது. ஆனால் அவருக்காக அல்ல!

போனது கூலி மட்டுந்தானா? பக்கத்து இயந்திரத்துத் தோழரின் கேலி, ஷிப்டு முடிந்ததும் டீக்கடையில் நடக்கும் வாதம், வாயிற் கூட்டத்து முழக்கம், 'அண்ணே, இதை எப்படிப் பூட்டுவது?' என்று இளைஞன் வந்து கேட்கும் பெருமை, அத்தனையும் ஒரே நாளில் போய்விடுகின்றன. கூலிக்கு வழக்காடச் சங்கம் உண்டு, சட்டம் உண்டு. இழந்த உறவுக்கு வழக்காட யார் உண்டு?

கிழவர்களின் முணுமுணுப்பு இது என்று ஒதுக்கிவிட முடியாது, தோழர்களே! உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025 ஜூனில் அறிக்கை தந்தது. உலக மக்களில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் வாடுகிறார். தனிமையோடு தொடர்புடைய சாவுகள் ஆண்டுக்கு 8,71,000க்கு மேல், மணிக்கு 100 என்பது அதன் கணக்கு. முதியோர் மட்டுமல்ல, இளைஞரும் அந்தக் கணக்கில் அடக்கம். இதயநோய், பக்கவாதம், நினைவுக் குறைவு ஆகியவற்றுக்கும் தனிமை வழிவிடுகிறது என்கிறார்கள். பிரிட்டன் 2018இல் இதற்கென ஓர் அமைச்சரையே நியமித்தது. ஜப்பான் 2021இல் அதே வழியில் சென்றது.

அமைச்சர் வருவார் என்று காத்திராமல் மக்களே வழி கண்ட நாடு ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் டோங்காலா என்று ஒரு சிற்றூர். 1998இல் அங்கே 'ஆண்கள் கொட்டகை' என்ற பெயரில் ஒரு பட்டறை திறந்தார்கள். உள்ளே என்ன? தச்சுமேசை, ரம்பம், இழைப்புளி, ஒரு தேநீர்க் கெண்டி! ஓய்வு பெற்றவர்கள் வருகிறார்கள். உடைந்த நாற்காலியைச் சீர்செய்கிறார்கள். குழந்தைகளுக்குப் பொம்மை செய்கிறார்கள். வேலை செய்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மேஸ்திரி இல்லை, அபராதம் இல்லை. இன்று அந்த நாட்டில் இத்தகைய கொட்டகைகள் ஆயிரத்துக்கு மேல். அயர்லாந்து, இங்கிலாந்து, நியூசிலாந்து என்று கடல் கடந்தும் பரவிவிட்டன. 2010இல் ஆண்களின் உடல்நலத்துக்கெனக் கொள்கை வகுத்தபோது, அந்நாட்டு அரசு இவற்றுக்கும் நிதி ஒதுக்கியது. மக்கள் முன்னே நடந்தார்கள், அரசு பின்னே வந்தது!

வெற்றியின் இரகசியம் என்ன? ஆண்பிள்ளை எதிரே உட்கார்ந்து மனத்தைத் திறக்கமாட்டான், தோளோடு தோள் நின்று வேலை செய்யும்போதுதான் திறப்பான் என்பது அவர்கள் கண்ட உண்மை. அங்கே வருபவர் நோயாளி அல்ல, பிச்சை கேட்பவரும் அல்ல. அவர் உறுப்பினர்! அவர் கைத்திறனுக்கு அங்கே மதிப்பு உண்டு.

'அது செல்வ நாடு. நமக்குத்தான் கூட்டுக்குடும்பம் இருக்கிறதே' என்பார் சிலர். எங்கே இருக்கிறது? ஒரு மகன் திருப்பூரில், ஒரு மகன் வளைகுடா நாட்டில், மகள் சென்னையில், பெற்றோர் திண்ணையில்! 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் அறுபது வயதைக் கடந்தவர் நூற்றுக்கு 10 பேர். 2031இல் அது 18ஐத் தாண்டும் என்று மத்திய அரசு அமைத்த வல்லுநர் குழு கணித்திருக்கிறது. இந்தியாவின் பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்து முதுமை மிகுந்த நாடு நம் நாடு!

முதியோருக்கு உதவித்தொகை இங்கே 1962இலேயே வந்தது. 2023இல் அது 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 'அன்புச்சோலை' என்ற பெயரில் முதியோர் பகலில் கூடியிருக்க 25 மையங்கள் அமைக்கப்படும் என்று 2025 நிதிநிலை அறிக்கை கூறிற்று. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் ஒரு மாநிலத்து முதியோருக்கு 25 வாசல் போதுமா? பணம் பசியை ஆற்றும், பேச்சுத்துணை ஆகுமா?

ஆகவேதான் படிப்பகங்களைப் பற்றிப் பேசுகிறோம். ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சுற்றியிருந்து கேட்டு அரசியல் கற்ற இடமல்லவா அவை! அந்தக் கட்டடம் எங்கெங்கு பகலில் பூட்டிக் கிடக்கிறதோ, அங்கெல்லாம் பூட்டைத் திறவுங்கள். ஒரு மேசை, கொஞ்சம் கருவிகள், ஒரு தண்ணீர்ப் பானை போதும். ஓய்வு பெற்ற பிட்டர் தொழிற்பயிற்சி மாணவனுக்கு அரம் பிடிக்கக் கற்றுத் தரட்டும். பழைய தச்சர் பள்ளிக்கூடத்து உடைந்த பெஞ்சைச் செப்பனிடட்டும். தாய்மார்களுக்கும் அங்கே இடம் வேண்டும். அடுப்படியில் இருந்து ஓய்வே பெறாத அவர்கள், கணவர் மறைந்தபின் ஆண்களைவிடத் தனித்துப் போகிறார்கள்.

சங்கத் தோழர்களுக்கும் ஒரு சொல். வேலையில் இருக்கும்வரை சந்தா வாங்கினோம், கொடி பிடிக்க அழைத்தோம். ஓய்வு பெற்ற மறுமாதம் பேரேட்டில் பெயரை அடித்துவிடுவது நன்றியாகுமா? அடித்த பெயர்களைத் தேடி எடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே, ஒரு வார்டுக்கு ஐந்து வீடு என்று போய்க் கதவைத் தட்டுங்கள். 'ஐயா, உடம்பு எப்படி இருக்கிறது?' என்பதோடு நின்றுவிடாதீர்கள். 'ஐயா, உங்களால் ஒரு வேலை ஆகவேண்டும், வாருங்கள்' என்று கூப்பிடுங்கள். அவர் செருப்பை மாட்டுகிற வேகத்தை அப்போது பாருங்கள்!