பற்று உண்டு, வரவு இல்லை!

ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் மட்டும் ஊளையிடுகிறது. பைக் நகர யோசிக்கிறது. என் பி.காம். பாஷையில், பெட்ரோல் பற்று, வேகம் வரவில்லை. கிளட்ச் நழுவுது சார்! லாரியை ஓவர்டேக் பண்ணும்போது இப்படி ஆனால் கணக்கே குளோஸ்.

'பிளேட் போச்சு' என்று மெக்கானிக் ஸ்பானரை எடுப்பதற்குள், நான் லீவரைத் தொட்டுப் பார்ப்பேன். அதன் அடிப்பக்கத்தில் 2, 3 மில்லிமீட்டராவது லூஸ் வேண்டும். கேபிள் விறைப்பாக இருந்தால், பிடிக்காமலே அரை கிளட்ச் பிடித்த மாதிரி. அட்ஜஸ்டரைத் திருகினால் போதும், காலணா செலவில்லை.

அடுத்து ஆயில். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே ஊறுகிறது. வழவழா கார் ஆயில் ஊற்றினால் வழுக்காதா? டப்பாவில் 'ஜாஸோ எம்.ஏ.' இருக்கிறதா பாருங்கள்.

இரண்டும் சரியா? அப்புறம்தான் பிளேட், ஸ்பிரிங்... உங்க பர்ஸ்!